சீனி வருத்தமும் மன வருத்தமும் ஒரே ஆளுக்கு

 

நான் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சீனி வருத்தம் உள்ளவருக்கு மனச்சோர்வும் வருகிறது. மனநோய்க்கு மருந்து எடுப்பவருக்கு இருதய வருத்தமும் வருகிறது. இரண்டும் ஒரே உடம்பில், ஒரே வீட்டில், ஒரே வறுமைக்குள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கிற வைத்தியர்களும் தாதியரும் குடும்பநல உத்தியோகத்தர்களும் மட்டும் தனித்தனியாகப் படித்து, தனித்தனி நாளில், தனித்தனி அறையில் வேலை செய்கிறார்கள். இவர்களை ஒரு குழுவாகப் பயிற்ற வேண்டும். அந்தப் பயிற்சி மண்டபத்தில் இரண்டு நாள் நடந்து, சான்றிதழோடும் குழுப் படத்தோடும் முடிந்துவிடக் கூடாது. கிழமை தவறாமல் ஒரு மேசையைச் சுற்றி இருந்து, ஒரே பதிவேட்டைத் திறந்து, ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் பேசுகிற வழக்கமாக அது நிலைக்க வேண்டும். இன்று நான் கேட்க வந்தது இதைத்தான்.

ஒரு தாயை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். வயது ஐம்பதைத் தாண்டியவர். எட்டு வருடமாகச் சீனி வருத்தம், பிரஷர். மாதம் தவறாமல் கிளினிக் கொப்பியோடு வருகிறார். கொப்பியில் சீனி அளவு ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போகிறது. குளிசை ஒன்று இரண்டாகிறது, பிறகு இன்னொரு குளிசை சேர்கிறது. ‘சாப்பாட்டைக் கவனியுங்க அம்மா’ என்று சொல்லி அனுப்புகிறோம். மகன் வெளிநாடு போன கடன் தலைக்கு மேல் நிற்கிறது, நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிறார், அந்தத் தாய் இரவில் நித்திரை கொள்வதில்லை, தனக்கென்று சமைப்பதில்லை, குளிசையைப் பாதி நாள் மறந்தும் மீதி நாள் வெறுத்தும் விட்டுவிடுகிறார். இவற்றில் ஒன்றுகூட அந்தக் கொப்பியில் ஏறவில்லை. எழுத இடமில்லாததால் எவரும் கேட்கவில்லை. எவரும் கேட்காததால் அவரும் சொல்லவில்லை.

இனி ஓர் இளைஞரை நினையுங்கள். பத்து வருடமாக மனநோய்க்கு மருந்து. குரல்கள் கேட்பது நின்றுவிட்டது, வீட்டில் அமைதி திரும்பிவிட்டது. ஆனால் வயிறு பெருத்துவிட்டது. தண்ணீர் தண்ணீராகக் குடிக்கிறார், அடிக்கடி சிறுநீர் கழிக்கிறார். ‘மருந்து எடுக்கிற ஆள், அப்படித்தான் இருப்பான்’ என்று வீட்டார் சொல்கிறார்கள். சுகாதாரத் துறையினரும் சில வேளை அப்படியே சொல்லிவிடுகிறார்கள். அவருடைய சீனி அளவை எவரும் பார்ப்பதில்லை. நெஞ்சு நோகிறது என்று அவர் சொன்னாலும் அதை மனநோயின் பேச்சாகவே எடுத்துக்கொள்கிறார்கள். மனநோய் என்ற பெயர் ஒருவர் மேல் விழுந்துவிட்டால், அவருடைய உடம்பு சொல்வதை நம்பக்கூட ஆள் இல்லாமல் போகிறது.

இவர்கள் இருவரும் நான் கற்பனையில் உருவாக்கியவர்கள். ஆனால் எந்த அரச வைத்தியசாலையின் கிளினிக் வாங்கில் உட்கார்ந்து பார்த்தாலும் இவர்களைப் போன்றவர்களைக் காண்பீர்கள்.

இது எவ்வளவு பெரிய பிரச்சினை? 2018–2019இல் இலங்கை முழுவதும் நடந்த சுகாதார, முதுமை ஆய்வின்படி, வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 23 பேருக்கு நீரிழிவு இருக்கிறது. ஏறத்தாழ நால்வரில் ஒருவர். நீரிழிவு உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு காணப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. மறுபக்கத்தில், கடுமையான மனநோய் உள்ளவர்கள் ஏனையோரைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்த மரணங்களில் பெரும்பகுதிக்குக் காரணம் இருதய நோய், நீரிழிவு, சுவாச நோய், தொற்றுநோய் போன்றவை. தடுக்கக்கூடிய, மருந்துள்ள உடல் நோய்கள்.

இரண்டும் ஒன்றை ஒன்று எப்படி வளர்க்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். மனம் சோர்ந்தவருக்கு நடக்க மனமில்லை, சமைக்க மனமில்லை, மருந்தை நேரத்துக்கு எடுக்க மனமில்லை. நீண்டகால மன அழுத்தத்தில் உடம்பு சுரக்கிற கோர்ட்டிசோல் சீனியை ஏற்றுகிறது. சீனி ஏறினால் களைப்பு, கால் எரிவு, கண் மங்கல். இவை மனத்தை மேலும் கீழே இழுக்கின்றன. மனநோய்க்குத் தருகிற ஓலான்சப்பீன், குளோசப்பீன் போன்ற மருந்துகள் பலருக்கு உடற்பருமனையும் சீனியையும் கூட்டுகின்றன. அதற்காக அந்த மருந்துகளை நிறுத்தச் சொல்லவில்லை. அவை எத்தனையோ பேருக்கு வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்தவை. மருந்து தொடங்குகிற அன்றே நிறையையும் இடுப்பளவையும் பிரஷரையும் சீனியையும் பார்த்து எழுதி, குறித்த இடைவெளியில் மீண்டும் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். தைரோயிட் குறைபாடு மனச்சோர்வு போலவே தோன்றும் என்பதையும் மறக்கக் கூடாது. முதியவர் ஒருவர் திடீரென்று குழம்பிப் பேசினால் அது மனநோயாக இருக்க வேண்டியதில்லை. சிறுநீர்த் தொற்றாகவோ சீனி குறைந்ததாகவோ இருக்கலாம். உடலை அறியாமல் மனத்தைப் பார்ப்பதும் ஆபத்து, மனத்தை அறியாமல் உடலைப் பார்ப்பதும் ஆபத்து.

இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது? நம் நாட்டின் சுகாதார வரலாற்றில் அதற்கு விடை இருக்கிறது. மனநோயாளரைப் பற்றி நம் நாட்டில் இன்றும் நிற்கிற சட்டத்தின் வேர் 1873ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். 1920களில் அங்கொடையில் பெரிய மனநோய் வைத்தியசாலை எழுந்தது. மட்டக்களப்பாரும் யாழ்ப்பாணத்தாரும் தம் பிள்ளைகளைத் தீவின் மறுகரைக்குக் கொண்டுபோய், மொழி புரியாத வாட்டுகளில் விட்டுவிட்டு வந்த காலம் அது. அதே பத்தாண்டில், 1926இல், களுத்துறையில் நாட்டின் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. குடும்பநல உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வீடு வீடாகப் போய்த் தாய்மாரையும் குழந்தைகளையும் கிணறுகளையும் பார்க்கிற முறை அங்குதான் உருவானது. இந்த நாடு தன் உடல்நலத்தை மக்களின் படலையடிக்குக் கொண்டுபோனது, மனநலத்தை மதிலுக்குள் வைத்தது. நமது கிளினிக் நாட்களும் அறைகளும் கொப்பிகளும் இன்றும் பிரிந்து கிடப்பது அந்தப் பழைய ஏற்பாட்டின் தொடர்ச்சிதான்.

மதிலைத் திறக்கிற முயற்சியில் கிழக்குக்குத் தனி இடமுண்டு. உளமருத்துவர் மகேசன் கணேசன் மட்டக்களப்பில் பணியாற்றிய காலத்தில், இங்கே உளநலச் சேவையை ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலையிலிருந்து கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. அந்த அனுபவத்தை அவர் 2011இல் கட்டுரையாகவும் எழுதினார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தது. கல்குடாவிலிருந்து கல்லாறு வரை நம் கரையில் அது எதை எடுத்துக்கொண்டு போனது என்று இந்த மண்டபத்தில் நான் சொல்லத் தேவையில்லை. அடுத்த ஆண்டு, 2005இல், இலங்கை தனது உளநலக் கொள்கையை ஏற்றது. மாவட்டந்தோறும் உளநலப் பிரிவு, அந்தந்த இடத்திலேயே உளநல வைத்திய அதிகாரி, சமூகத்துக்குள் போகிற தாதியரும் உத்தியோகத்தரும் என்ற திட்டம் வந்தது. அங்கொடைக்குப் போன பயணம் மாவட்ட வைத்தியசாலைக்குச் சுருங்கியது. இது பெரிய வெற்றி. இதற்காக உழைத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் சேவை ஊருக்கு வந்தபோதும் தனி வாசலோடுதான் வந்தது. செவ்வாய்க்கிழமை ஒரு கிளினிக், வியாழக்கிழமை இன்னொன்று என்றிருந்தால், இரண்டு வருத்தமும் உள்ளவர் இரண்டு நாள் கூலியை விட வேண்டும். வாகரைப் பக்கத்திலிருந்து வருபவர் இரண்டு முறை பஸ்ஸுக்குக் காசு தேட வேண்டும். இதில் எந்தக் கிளினிக்கை அவர் விடுவார்? ஊரார் பார்த்தால் பெயர் கெட்டுப்போகும் என்று பயப்படுகிற கிளினிக்கைத்தான் விடுவார்.

வேறு இடங்களில் என்ன செய்தார்கள்? அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் உளமருத்துவர் வேய்ன் கேட்டனின் குழு 14 ஆரம்ப சுகாதார நிலையங்களில் 214 நோயாளரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2010இல் வெளியிட்டது. எல்லோருக்கும் மனச்சோர்வோடு கட்டுப்படாத நீரிழிவோ இருதய நோயோ இருந்தது. தாதியர் அவர்களைப் பின்தொடர்ந்து, சீனியையும் பிரஷரையும் கொழுப்பையும் மனநிலையையும் ஒன்றாகக் கவனித்தார்கள். அந்தத் தாதியருக்குக் கிடைத்த வகுப்பறைப் பயிற்சி குறுகியது. அதன்பின் கிழமைதோறும் வைத்தியர்களோடு கூடி, எந்த நோயாளி முன்னேறவில்லை, அவருக்கு எதை மாற்றுவது என்று பேசினார்கள். ஓராண்டு முடிவில் நான்கு அளவுகளும் வழமையான சிகிச்சை பெற்றவர்களைவிட நன்றாக இருந்தன.

‘அது பணக்கார நாடு’ என்று நீங்கள் சொல்லலாம். அந்தச் சந்தேகத்துக்கு இந்தியாவில் பதில் கிடைத்தது. சென்னை, புதுடில்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் ஆகிய நான்கு நகரங்களின் நீரிழிவு நிலையங்களில் 404 நோயாளரோடு இதே முறையை முயன்றார்கள். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தின் வைத்தியர் வி. மோகன் அதில் முக்கிய பங்காளி. 2020இல் முடிவு வெளியானது. அங்கே நோயாளரைப் பின்தொடர்ந்தவர்கள் வைத்தியர்களல்லர், பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்கள். நோயாளரோடு பேசினார்கள், மருந்து எடுப்பதை ஊக்குவித்தார்கள், அளவுகளைப் பதிந்தார்கள். உளமருத்துவரும் நீரிழிவு நிபுணரும் குறித்த இடைவெளியில் அவர்களோடு அமர்ந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தார்கள். இந்த ஏற்பாடு 12 மாதம் நடந்தது. 24ஆம் மாதத்தில் அளந்தபோது, மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, அத்தோடு சீனி, பிரஷர், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது குறிப்பிட்ட அளவுக்கு இறங்கியவர்கள் இந்தக் குழுவில் நூற்றுக்கு 71.6 பேர். வழமையான கவனிப்பில் 57.4 பேர். தமிழ் பேசுகிற நோயாளரும் இருந்த, நெரிசலான, நம் நிலையங்களை ஒத்த இடங்களில் கிடைத்த பலன் இது. நம் வட மாகாணத்திலும், போரால் பாதிக்கப்பட்ட மக்களுக்காக, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியைக் கொண்டு ஆரம்ப சுகாதார வைத்தியர்களையும் களப் பணியாளர்களையும் பயிற்றிய முயற்சி நடந்திருக்கிறது. ஆகவே இது நமக்கு எட்டாத காரியமல்ல.

இந்த ஆய்வுகளிலிருந்து நான் எடுத்துக்கொள்கிற பாடம் ஒன்று. கரைவலை இழுக்கிறவர்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். இரண்டு பக்கக் கயிற்றையும் இரண்டு கூட்டம் பிடிக்கிறது. ஒரு பக்கம் எவ்வளவு பலசாலிகள் நின்றாலும், மற்றப் பக்கத்தோடு ஒத்து இழுக்காவிட்டால் வலை சரிந்து மீன் போய்விடும். சீனி கிளினிக்கில் திறமையான வைத்தியரும் உளநலக் கிளினிக்கில் திறமையான வைத்தியரும் இருந்தும் நோயாளி நழுவிப் போவது இதனால்தான். ஆளுக்கு ஆள் பயிற்சி கொடுத்துவிட்டு ஒத்து இழுக்கப் பழக்காவிட்டால், கொடுத்த பயிற்சி வீண்.

இனி, யாருக்கு எதைப் பழக்குவது என்று பார்ப்போம்.

முதலில் கேட்கப் பழக்க வேண்டும். உலகெங்கும் பயன்படுகிற ஒன்பது கேள்விப் படிவம் தமிழிலும் உண்டு. அதன் முதல் இரண்டு கேள்விகளே தொடங்கப் போதும். கடந்த இரண்டு கிழமையில் எதிலும் விருப்பமில்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கையற்று இருந்ததா? படிவத்தைப் படித்துக் காட்டினால் நம் சனம் பதில் சொல்லாது. ‘அக்கா, இந்த ரெண்டு கிழமையா மனசு எப்படி இருக்கு? நித்திர வருதா?’ என்று தாதி கேட்டால், ‘அதக் கேக்க ஆர் இருக்கா மிஸ்ஸி?’ என்று பேச்சுத் தொடங்கும். நம் மக்கள் கவலையைப் பெரும்பாலும் உடம்பின் வழியாகத்தான் சொல்கிறார்கள்: நெஞ்சு படபடக்குது, தலை விறைக்குது, கைகால் உளையுது. இவற்றை வலிநிவாரணிக் குளிசையோடு முடித்துவிடாமல், பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கத் தெரிய வேண்டும். அதேநேரம் உடம்பையும் பரிசோதிக்க வேண்டும். கவலையோடு இருக்கிற பெண்ணுக்கும் மாரடைப்பு வரும்.

இரண்டாவது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்கப் பழக்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்ற பயம் சுகாதாரப் பணியாளரிடமும் இருக்கிறது. அந்தப் பயம் தவறு. பரிவோடு கேட்பவரிடம் மனிதர் பாரத்தை இறக்கிவைக்கிறார். இந்தத் துறையில் இலங்கை உலகுக்கே ஒரு பாடம் தந்த நாடு. 1995இல் நம் நாட்டில் இலட்சம் பேரில் ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அடுத்த இரண்டு தசாப்தங்களில் அந்த வீதம் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. இதற்குப் பெரும் காரணம், மிகக் கொடிய பூச்சி, களை கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்ததுதான். 2008க்கும் 2011க்கும் இடையில் பரகுவாட், டைமெத்தோயேட், பென்தியன் ஆகியவை சந்தையிலிருந்து அகற்றப்பட்டன. விவசாயத் துறையின் முடிவு ஒன்று ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தது. ஆனால் நஞ்சு குடித்துப் பிழைத்தவர் மருத்துவ வாட்டில் சேலைன் கழற்றியதும் வீட்டுக்கு அனுப்பப்பட்டால், பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. அவர் வாட்டை விட்டுப் போகுமுன் உளநல வைத்திய அதிகாரி அவரைப் பார்க்க வேண்டும். அடுத்த கிழமைக்குள் குடும்பநல உத்தியோகத்தரோ சமூக உத்தியோகத்தரோ அவர் வீட்டுப் படியை மிதிக்க வேண்டும்.

மூன்றாவது, உளநலப் பிரிவினருக்கு உடம்பைப் பார்க்கப் பழக்க வேண்டும். பிரஷர் கருவியும் தராசும் அளவு நாடாவும் அந்த அறையிலும் இருக்க வேண்டும். இன்ன அளவைத் தாண்டினால் இன்னார் அதே நாளில் மருந்து தொடங்குவார் என்று முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்க வேண்டும். ‘மருத்துவக் கிளினிக்குக்குப் போங்க’ என்று துண்டு எழுதிக் கொடுத்தால் பலர் அங்கே போய்ச் சேர்வதில்லை.

நான்காவது, மருந்து கொடுப்பவரையும் குழுவில் சேர்க்க வேண்டும். மனச்சோர்வுக்குத் தருகிற புளுவொக்செற்றீன் வேலை செய்யச் சில கிழமைகள் எடுக்கும். இதைச் சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே ‘ஒண்டும் சரிவரல்ல’ என்று நிறுத்திவிடுவார்கள். நித்திரைக் குளிசையைக் கேட்ட மாத்திரத்தில் மாதக்கணக்கில் கொடுப்பதும் தவறு. இந்த இரண்டு செய்தியும் மருந்து ஜன்னலில்தான் கடைசியாகச் சொல்லப்படுகின்றன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் இல்லாமல் நோயாளர் அலைந்ததை நாம் கண்டோம். எந்த மருந்து தீரப்போகிறது, அதற்கு மாற்று என்ன என்பதைக் குழுவுக்கு முதலில் சொல்லக்கூடியவரும் அவரே.

ஐந்தாவது, மொழியும் மரியாதையும். இந்தப் பிரதேசத்துக்குச் சிங்களம் பேசுகிற வைத்தியர்களும் நியமனம் பெற்று வருகிறார்கள், அக்கறையோடு வேலை செய்கிறார்கள். சீனி அளவுக்கு மொழி தேவையில்லை, துக்கத்துக்கு மொழி தேவை. அங்கே நின்றிருக்கிற சிற்றூழியரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னால், அடுத்த நாள் ஊர் முழுக்கக் கதை பரவும் என்று நோயாளி பயப்படுகிறார். இரகசியம் காக்கப் பழகிய ஒருவர் குழுவில் இருக்க வேண்டும். முஸ்லிம் பெண்களுக்குப் பெண் உத்தியோகத்தரோடு தனியாகப் பேச இடம் வேண்டும். கோயிலில் நூல் கட்டியவரையும் மௌலவியிடம் ஓதிப் பார்த்தவரையும் பரிகசிக்கக் கூடாது. அவர் ஆறுதல் தேடிப் போனார். அந்த ஆறுதலோடு மருந்தும் சேரட்டும்.

ஆறாவது, பணியாளரின் மனம். சுனாமியில் சொந்தங்களைப் பறிகொடுத்துவிட்டு மறுநாளே கடமைக்கு வந்தவர்கள் நம் சுகாதாரப் பணியாளர்களிடையே உண்டு. 2006, 2007இல் வாகரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஆயிரக்கணக்கானோரைக் கவனித்தவர்கள் உண்டு. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் காயப்பட்டவர்களைத் தூக்கியவர்கள் உண்டு. பிறரின் துக்கத்தைத் தினமும் கேட்பவருக்குத் தன் பாரத்தை இறக்கவும் ஓரிடம் வேண்டும். கிழமைக் கூட்டம் அந்த இடமாகவும் இருக்க முடியும்.

‘நேரம் எங்கே?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு காலைப் பொழுதில் ஒரு வைத்தியர் பார்க்க வேண்டிய நோயாளரின் வரிசையை நானும் அறிவேன். ஆனால் மனச்சோர்வைக் கண்டுகொள்ளாத கிளினிக்கில் அதே நோயாளி மாதாமாதம் அதே குறையோடு வருகிறார், கால் புண்ணோடு வாட்டில் சேர்கிறார், சிறுநீரகம் பழுதாகி மட்டக்களப்புக்கு அனுப்பப்படுகிறார். அந்த நேரத்தையும் செலவையும் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இன்னொரு தடை இடமாற்றம். பயிற்றிய ஆள் போனதும் பயிற்சியும் போய்விடுகிறது. பதிவேடும் கிழமைக் கூட்டமும் நிலைத்திருந்தால், புதிதாக வருபவர் முதல் மாதத்திலேயே அதற்குள் பழகிவிடுவார். பயிற்சி ஓர் ஆளிடம் தங்காமல் அந்த இடத்தில் தங்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இவை. வைத்தியசாலைப் பெரியவர்களே, கிழமையில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மருத்துவக் கிளினிக், உளநலப் பிரிவு, மருந்தகம், களப்பணி என்று நான்கு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவர் வரட்டும். இரண்டு வருத்தமும் உள்ள இருபது பேரின் பெயரோடு ஒரு பதிவேட்டைத் திறவுங்கள். முன்னேறாத பெயரை முதலில் பேசுங்கள். களப் பணியாளர்களே, கிளினிக்குக்கு வராமல் விட்டவரின் வீட்டுக்குப் போகிற பழக்கம் உங்களிடம் தாய் சேய் நலத்தில் ஏற்கனவே இருக்கிறது. அதே பழக்கத்தை இந்த இருபது பேருக்கும் நீட்டுங்கள். கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகிகளே, மனநோயாளி வீட்டில் அடைபட்டுக் கிடப்பதைக் கண்டால் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கூட்டி வாருங்கள். நோயாளரே, உறவினரே, ‘என் மனதும் சரியில்லை’ என்று சீனி கிளினிக்கில் சொல்லுங்கள், ‘என் பிள்ளையின் சீனியைப் பாருங்கள்’ என்று உளநலக் கிளினிக்கில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. இரவில் தாங்க முடியாமல் போனால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை அழையுங்கள்.

இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், வெளிநாட்டு நிபுணர் வேண்டாம். வைத்தியரும் தாதியரும் குடும்பநல உத்தியோகத்தரும் மருந்து கொடுப்பவரும் ஏற்கனவே இங்கே இருக்கிறார்கள். இந்த மண்டபத்திலேயே அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். பதிவேட்டின் முதல் பக்கத்தை வருகிற கிழமையே எழுதத் தொடங்கலாம். தொடங்குங்கள் என்று உரிமையோடு கேட்டு விடைபெறுகிறேன்.